தண்ணீர் ஏறிய மலை, மக்கள் இறங்கிய ஊர்

காலணியைப்போல் கடலுக்குள் நீண்டிருக்கும் இத்தாலியின் உள்ளங்கால் வளைவில் அமைந்திருக்கிறது பசிலிக்காட்டா மாநிலம். அதன் மத்தேரா மாவட்டத்தில், கவோனே ஆற்றுப் பள்ளத்தாக்கை நோக்கியபடி ஒரு குன்று நிற்கிறது. சுமார் 400 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியில் சதுர வடிவக் கற்கோபுரம் ஒன்று. அதன் காலடியில் அடுக்கடுக்காக வீடுகள். நடுவே வண்ண ஓடுகள் பதித்த தேவாலயக் குவிமாடம். தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது உயிர்ப்புள்ள ஊராகவே தோன்றும். நெருங்கிச் சென்றால்தான் சன்னல்களில் கதவுகள் இல்லை, கூரைகள் உள்ளே விழுந்து கிடக்கின்றன, தெருக்கள் பாதியிலேயே பள்ளத்தில் முடிகின்றன என்பது தெரியவரும்.

கிராக்கோ என்பது அந்த ஊரின் பெயர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் மக்கள் தொடர்ந்து வாழ்ந்த இந்த இடம், 1963-ஆம் ஆண்டில் காலியாகத் தொடங்கியது. அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்குள் முற்றிலும் கைவிடப்பட்டது. 'பேய் நகரம்' என்று சுற்றுலாக் கையேடுகள் இன்று இதை அழைக்கின்றன. நிலச்சரிவு என்னும் இயற்கைப் பேரிடர் விழுங்கிய ஊர் என்றும் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் அடங்காத வரலாறு கிராக்கோவுடையது.

உயரம் தந்த பாதுகாப்பு

கிராக்கோ பகுதியில் கிடைத்த கல்லறைகள் கி.மு. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால், ஊரின் எழுத்துபூர்வமான வரலாறு கி.பி. 1060-இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு இந்நிலம் திரிக்காரிக்கோ நகரின் ஆயர் அர்னால்டோவுக்கு உரியதாக இருந்தது. 'கிராக்குலும்' என்னும் இலத்தீன் பெயரால் அது குறிக்கப்பட்டது. 'சிறிய உழவு நிலம்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கோட்டையாலோ போராலோ அல்லாமல் வயலால் பெயர்பெற்ற ஊர் அது என்பது கவனிக்கத்தக்கது.

வயல் கீழே இருக்க, வீட்டை ஏன் மலைமேல் கட்டினார்கள்? இடைக்காலத் தென் இத்தாலி முழுவதற்கும் பொருந்தும் கேள்வி இது. முதல் காரணம் பாதுகாப்பு. கடற்கரையும் சமவெளியும் படைகளும் கொள்ளையரும் எளிதில் வந்துபோகும் வழிகளாக இருந்தன. உச்சியில் இருப்பவருக்கு வருபவர் யாரென்று முன்கூட்டியே தெரியும். இரண்டாவது காரணம் மலேரியா. ஆற்றோரச் சதுப்புகளிலிருந்து எழும் கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று மக்கள் நம்பினார்கள். 'கெட்ட காற்று' என்னும் பொருள் தரும் இத்தாலியச் சொற்களிலிருந்தே நோயின் பெயரும் பிறந்தது. கொசுவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. உயரத்தில் வாழ்பவர்களுக்குக் காய்ச்சல் குறைவு என்பது தெரிந்திருந்தது. எனவே, விடியற்காலையில் கழுதைகளுடன் வயலுக்கு இறங்குவதும், பொழுது சாய்ந்ததும் மலையேறி வீடு திரும்புவதும் தலைமுறை தலைமுறையான வாழ்க்கையாயின.

12-ஆம் நூற்றாண்டின் இடையில் ஊர் நிலக்கிழார்களின் கைக்கு மாறியது. 1179-இல் பியத்ராபெர்த்தோசாவைச் சேர்ந்த ரொபெர்த்தோ இதன் தலைவராக இருந்தார். 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் காலத்தில் கிராக்கோ ஒரு படைத்தளமாக முக்கியத்துவம் பெற்றது. உச்சியில் நிற்கும் கோபுரம் சிறையாகவும் பயன்பட்டது.

1276-இல் கிராக்கோவில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதாகப் பயணக் குறிப்புகள் பலவற்றில் காணலாம். அடுத்த ஆண்டில் அவ்வூரின் மக்கள்தொகை வெறும் 450 என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கும். வியப்புக்குத் தேவையில்லை. அக்காலத் தென் இத்தாலிய ஆவணங்களில் 'யுனிவர்சிட்டாஸ்' என்பது ஊர்மக்கள் ஒன்றுகூடித் தம் பொதுக் காரியங்களைக் கவனித்துக்கொண்ட அமைப்பைக் குறிக்கும் சொல். அதாவது, கிராக்கோவில் உருவானது ஓர் ஊர்ச்சபை. படிப்பாளிகளின் கழகத்தைவிட இதுவே இந்த ஊரின் கதைக்கு முக்கியமானது. நிலக்கிழாரின் கோபுரத்துக்குக் கீழே, தம்மை 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு மக்கள் கூட்டம் உருவாகிவிட்டது.

எண்ணிக்கையும் கூடியது. 1477-இல் 655 பேர். 1532-இல் 1,718 பேர். 1561-இல் 2,590 பேர். மரோன்னா, குரோஸ்ஸி, கார்போனே, சிமொனெத்தி ஆகிய குடும்பங்களின் மாளிகைகள் எழுந்தன. புனித நிக்கோலாவின் பெயரால் அமைந்த தலைமைத் தேவாலயம் ஊரின் நடுவே உயர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவியரின் மடமும் சேர்ந்தது.

பஞ்சமும் படையும் கப்பலும்

துன்பங்களும் குறைவில்லை. 1656-ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் அரசை உலுக்கிய கொள்ளைநோய் கிராக்கோவையும் விடவில்லை, நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். 1799-இல் பிரெஞ்சுப் புரட்சியின் அலை நேப்பிள்ஸை எட்டியபோது கிராக்கோ மக்களும் குடியரசின் பக்கம் நின்றனர். அது சில மாதங்களிலேயே ஒடுக்கப்பட்டது. 1806-இல் நிலமானிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால், ஏழை உழவரின் கைக்கு நிலம் வந்துசேரவில்லை. பழைய பிரபுவின் இடத்தில் புதிய பண்ணையார்கள் அமர்ந்தனர்.

1861-இல் இத்தாலி ஒரே நாடானது. அதே ஆண்டு நவம்பரில், புதிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்த கார்மினே குரோக்கோவின் படை கிராக்கோவுக்குள் நுழைந்தது. வடக்கே இருந்தவர்கள் அதைக் கொள்ளையர் கூட்டம் என்றனர். தெற்கில் பலருக்கு அது வரியாலும் கட்டாயப் படைச்சேர்ப்பாலும் வதைபட்டவர்களின் எதிர்ப்பு. இரண்டிலும் உண்மை உண்டு.

பின்னர் வந்தது பசியின் காலம். 19-ஆம் நூற்றாண்டில் தென் இத்தாலி முழுவதிலும் காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டுக் கோதுமை வயல்களாக்கப்பட்டன. மரவேர்களின் பிடிப்பை இழந்த களிமண் சரிவுகள் மழையில் கரைந்து, கத்தி முனைகள்போல் கூர்மையான வரப்புகளும் ஆழ்ந்த ஓடைகளுமாகப் பிளந்தன. கிராக்கோவைச் சுற்றி இன்று ஒளிப்படக் கலைஞர்கள் வியந்து படமெடுக்கும் வெளிறிய நிலத்தோற்றம் அப்படிப்பட்டதுதான். அந்த அழகில் விளைச்சல் இல்லை. 1892-க்கும் 1922-க்கும் இடையில் 1,300-க்கும் மேற்பட்டோர் கிராக்கோவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஊரில் இது எத்தகைய இழப்பு என்று சொல்லத் தேவையில்லை. நியூயார்க்கில் குடியேறியவர்கள் தங்கள் ஊரின் காவலரான புனித வின்சென்டின் பெயரில் சங்கம் அமைத்து, அங்கேயும் திருவிழா எடுத்தார்கள்.

ஆகவே, கிராக்கோ 1963-இல் திடீரென்று காலியான ஊர் அன்று. நிலம் சரிவதற்கு முன்பே அதன் மக்கள் வெளியேறத் தொடங்கியிருந்தார்கள்.

குழாயில் வந்த முன்னேற்றம்

குன்றின் அடியில் இருப்பது களிமண். களிமண்ணின் இயல்பு இரட்டைத்தன்மை கொண்டது. காய்ந்திருக்கும்போது கல்லைப்போல் தாங்கும். நீர் ஊறியதும் உப்பி, இளகி, தன் வலிமையை இழக்கும். துகள்களுக்கு இடையே புகுந்த நீர் அவற்றை ஒன்றையொன்று பற்றவிடாமல் விலக்கும். அப்போது மேலே இருக்கும் மண்ணும் பாறையும் கட்டடங்களும் தம் சொந்தப் பாரத்தாலேயே சரிவை நோக்கி நகரத் தொடங்கும். மழைக்காலத்தில் நனைந்து, கோடையில் காயும் மலை தன்னை ஓரளவு சமன்படுத்திக்கொள்ளும். ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டே இருக்கும் மலைக்கு அந்த ஓய்வு கிடையாது.

பழைய ஊரின் தண்ணீர்ச் செலவு மிகக் குறைவு. இத்தகைய மலையுச்சி ஊர்களில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்ப்பார்கள். போதாததை ஊற்றுகளிலிருந்து குடங்களிலும் கழுதைகளின் முதுகிலும் சுமந்து வருவார்கள். சுமந்து வந்த தண்ணீரை யாரும் வீணாகத் தரையில் விடமாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டு இதை மாற்றியது. குடிநீர்க் குழாய்கள் வந்தன. கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. நார்மன் காலத்துக் காவற்கோபுரத்துக்குள்ளேயே தண்ணீர்த் தொட்டி அமைக்கப்பட்டது. ஊரின் மிக உயர்ந்த புள்ளி அதுதான் என்பதால் பொறியியல் கணக்கு சரியானது. எதிரியைப் பார்ப்பதற்காகக் கட்டிய கோபுரத்தில் நீர் ஏறி அமர்ந்தது. நகர்ந்துகொண்டே இருக்கும் நிலத்துக்குள் புதைத்த குழாய்களின் இணைப்புகள் எத்தனை காலம் தாங்கும்? கசிவு கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்யாத நாளிலும் அது மலைக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. கிராக்கோவின் சரிவுக்கு இந்தக் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளும் முக்கியக் காரணம் என்று பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு தீர்ப்பை எழுதிவிடக் கூடாது. பழைய வாழ்க்கை புனிதமானது, நவீன வசதிகள்தான் அழித்தன என்பது வசதியான, ஆனால் நேர்மையற்ற முடிவு. குடம் சுமந்த பெண்களின் முதுகைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். சுத்தமான குடிநீரும் கழிவறையும் ஆடம்பரங்கள் அல்ல. அவை அந்த மக்களுக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த உரிமைகள். பாசிச ஆட்சி எழுத்தாளர் கார்லோ லேவியை 1935-இல் நாடுகடத்தி அடைத்தது இதே பசிலிக்காட்டாவில்தான். 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்' என்று 1945-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, நாகரிகமும் அரசும் எட்டாத நிலம் அது என்பதைச் சொன்னது. அத்தகைய நிலத்துக்குக் குழாய் வந்தது தவறன்று. மண்ணைக் கேட்காமல் குழாயை மட்டும் கொண்டுவந்ததே தவறு. நீரை மேலே ஏற்றுவதற்குக் காட்டிய அக்கறையை, அதைப் பாதுகாப்பாகக் கீழே இறக்குவதற்குக் காட்டவில்லை.

எச்சரிக்கைகள் இல்லாமலும் இல்லை. அதே மாநிலத்தின் கம்போமஜ்ஜோரே என்னும் ஊர் 1885-ஆம் ஆண்டு நிலச்சரிவில் அழிந்து, வேறிடத்தில் எழுப்பப்பட்டது. 1908-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பசிலிக்காட்டாவிலும் கலாப்ரியாவிலும் நிலச்சரிவு அபாயமுள்ள ஊர்களை வலுப்படுத்தவும் இடம் மாற்றவும் வழி செய்தது. அதாவது, இந்த மலைகள் நகரும் என்பது அரசுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரியும். தெரிந்த ஒன்றை ஒரு துறை சட்டமாக எழுதி வைத்திருக்க, இன்னொரு துறை அதைப் பாராமல் பள்ளம் தோண்டுவது உலகெங்கும் நடக்கும் வழக்கம்தான்.

இறங்கியவர்கள்

1963-இல் பெரும் சரிவு நிகழ்ந்தது. ஊரின் ஒரு பகுதியே கீழ்நோக்கி நகர்ந்தது. மக்கள் வெளியேற்றப்பட்டு, பள்ளத்தாக்கில் கிராக்கோ பெஸ்கியேரா என்னும் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். சிலர் மேலேயே இருந்தார்கள். இறங்கியவர்களில் சிலரும் என்றாவது ஒருநாள் திரும்பலாம் என்று நம்பினார்கள். 1972-இல் வந்த வெள்ளம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. 1980 நவம்பர் 23 அன்று இர்ப்பீனியா பகுதியை மையமாகக் கொண்டு தாக்கிய நிலநடுக்கம் தென் இத்தாலியில் 2,500-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் பழைய கிராக்கோவில் யாரும் வாழவில்லை.

வெளியேற்றம் சரியான முடிவு. இடியும் சுவர்களுக்குள் மக்களை விட்டுவைப்பதைவிட அவர்களின் கோபத்தைத் தாங்கிக்கொள்வது ஓர் அரசுக்கு நல்லது. ஆனால், உயிரைக் காப்பதும் ஊரைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவதை ஒரு வாரத்தில் செய்துவிடலாம். இரண்டாவதற்குத் தலைமுறைகள் ஆகும். மலைமேல் ஒருவர் வாசலில் அமர்ந்தால் எதிர்வீட்டு வாசல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. சரிவில் அடுக்கிய வீடுகளுக்கு இடையே இருந்த படிக்கட்டுகளே பேச்சுக்கும் சண்டைக்கும் சமாதானத்துக்குமான பொது இடங்களாக இருந்தன. சமவெளியில் நேர்க்கோட்டில் போட்ட தெருக்களால் அவற்றைத் தர இயலாது. வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள், அட்டவணையில் எழுத முடியாத இந்த இழப்பைக் கவனிப்பதே இல்லை. இன்று கிராக்கோ நகராட்சியின் மொத்த மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. கொள்ளைநோய்க்கு முந்தைய 1561-இன் எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும்.

கூட்டம் வரும் வெற்றூர்

மக்கள் போன பின்பு புகழ் வந்தது. கார்லோ லேவியின் நூலை இயக்குநர் பிரான்செஸ்கோ ரோசி 1979-இல் திரைப்படமாக்கியபோது சில காட்சிகள் கிராக்கோவில் எடுக்கப்பட்டன. 2004-இல் மெல் கிப்சன் இயக்கிய இயேசுவின் பாடுகள் பற்றிய படத்தில், யூதாஸ் தூக்கிட்டுக்கொள்ளும் காட்சிக்கு இவ்வூரின் வெறுமை பின்னணியானது. ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றும் இங்கே வந்து சென்றது. 2010-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் கண்காணிப்புப் பட்டியலில் கிராக்கோவைச் சேர்த்தது. இப்போது கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, வழிகாட்டியுடன் குறிப்பிட்ட பாதையில் மட்டும் பார்வையாளர்கள் நடக்கலாம்.

இதே மாவட்டத்தின் தலைநகரான மத்தேராவின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கே குகை வீடுகளில் வறுமையிலும் நோயிலும் உழன்ற சுமார் 15,000 பேரை 1952-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றியது. அன்று தேசத்தின் அவமானம் எனப்பட்ட அந்தக் குகைகள் 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. 2019-இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகக் கொண்டாடப்பட்டது. குகைகளில் இன்று விடுதிகள் நடக்கின்றன. மத்தேராவின் அடியில் இருப்பது பாறை. அதனால் அங்கு வாழ்க்கை திரும்ப முடிந்தது. கிராக்கோவின் அடியில் இருப்பது களிமண். அங்கே பார்வையாளர் மட்டுமே திரும்ப முடியும். சட்டம், நிதி, புகழ் எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஊரின் எதிர்காலத்தை அதன் அடிமண் தீர்மானிக்கிறது என்பதற்கு இவ்விரு ஊர்களைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிராக்கோவைச் சேர்ந்தவர்களின் அமெரிக்க வழித்தோன்றல்கள் 2007-இல் ஒரு சங்கம் அமைத்து, குடும்ப வரலாறுகளையும் ஆவணங்களையும் சேகரித்து வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரில் ஒரு நாள்கூட வாழாதவர்கள். 1276-இல் தம்மை ஒரு சபையாக எண்ணிய அந்த மக்கள் கூட்டம், கல் சரிந்த பின்னும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது.

ஒன்பது நூற்றாண்டுகளின் போரையும் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் தாங்கிய ஊர், கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாங்கவில்லை. படையெடுத்து வந்தவர்களைக் கோபுரத்திலிருந்து பார்க்க முடிந்தது. காலடியில் இளகிய மண்ணைப் பார்க்க எந்தக் கோபுரமும் உதவவில்லை. மலைகளின் மேல் சாலையும் விடுதியும் குடியிருப்பும் பெருகும் இக்காலத்தில், 'இந்தச் சரிவுக்குள் எவ்வளவு நீர் இறங்குகிறது, அது எங்கே போகிறது?' என்னும் எளிய கேள்வியைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதுவதற்குப் பெரிய அறிவியல் தேவையில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படாத இடங்களில் என்ன மிஞ்சும் என்பதைப் பார்க்க, தலைக்கவசம் அணிந்து கிராக்கோவுக்குப் போகலாம்.